பச்சை உடம்பும் பழகாத மனமும்

சென்ற இதழில், குழந்தை பிறந்த பின் காரணமே தெரியாமல் அழுகை வருகிறது என்று எழுதியிருந்த ஒரு வாசகிக்கு நான்கே வரியில் பதில் சொல்லியிருந்தேன். அந்த நான்கு வரி போதாது என்று அன்போடும் சற்றுக் கோபத்தோடும் பலர் எழுதிவிட்டதால், இந்த முறை பகுதி முழுவதையும் புதிதாகத் தாயாகவும் தந்தையாகவும் ஆனவர்களின் மனநிலைக்கே ஒதுக்கியிருக்கிறேன். கடிதங்கள் சுருக்கப்பட்டு, எழுதியவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டுள்ளன.

கேள்வி: எனக்கு வயது 29. வங்கியில் பணிபுரிகிறேன். முதல் பிரசவம் என்பதால் ஒன்பதாம் மாதத்தில் வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போனேன். குழந்தைக்கு மூன்று மாதம் நிறைந்ததும் கணவர் வீட்டுக்குத் திரும்பினேன். வந்து ஆறு வாரம் ஆகிறது. குழந்தை நன்றாக இருக்கிறாள், கணவரும் மாமியாரும் நல்லவர்கள்தாம். ஆனாலும் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன். குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. எல்லோரும் சொல்கிற அந்தப் பாசம் எனக்கு வரவேயில்லை. கடமைக்குப் பால் கொடுப்பது போல் இருக்கிறது. அடுத்த மாதம் வேலைக்குத் திரும்ப வேண்டும். தோழி கவுன்சலிங் போகச் சொல்கிறாள். அங்கே போய் என்ன பேசுவது? பேசினால் இது மாறுமா?
— வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் கடிதத்தில் நான் முதலில் அடிக்கோடிட்ட வரி, குழந்தை தூங்கினாலும் உங்களுக்குத் தூக்கம் வருவதில்லை என்பதுதான். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் தாய்க்கு உறக்கம் கெடுவது இயல்பு. ஆனால் தூங்க வாய்ப்புக் கிடைத்தும் கண்ணை மூட முடியாமல் கிடப்பது வேறு வகையைச் சேர்ந்தது. அழுகையோடும், எதிலும் ஒட்டாத தன்மையோடும் சேர்ந்து அது வாரக்கணக்கில் நீடித்தால், வெறும் அசதி என்று அதை ஒதுக்கிவிட முடியாது.

பிரசவமான மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் தொடங்கி, இரண்டு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடுகிற அழுகையும் எரிச்சலும் பாதிக்கு மேற்பட்ட தாய்மார்களுக்கு வருகின்றன. ஹார்மோன் அளவு சட்டென்று இறங்குவதும் உறக்கக் கேடும் சேர்ந்து செய்கிற வேலை அது. ஓய்வும் ஆறுதலுமே அதற்குப் போதும். உங்களுடையது பிரசவத்துக்கு மூன்று மாதங்களுக்குப் பின் தொடங்கியிருக்கிறது, ஆறு வாரமாகக் குறையவும் இல்லை. ஆகவே இதைப் பேறுகாலத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம் என்று கருதித்தான் அணுக வேண்டும். ஆம், இல்லை என்று கடிதத்தை மட்டும் வைத்து நான் முடிவு சொல்வது முறையாகாது. இதற்கென்றே 1987-இல் வெளியான, எடின்பரோ அளவுகோல் எனப்படும் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. கடந்த ஏழு நாள்களில் உங்களால் சிரிக்க முடிந்ததா என்பதில் தொடங்கும் அந்தப் படிவம் தமிழிலும் புழக்கத்தில் உள்ளது. மொத்தம் 30 மதிப்பெண்ணில் 12, 13 என்ற அளவைத் தாண்டினால் நேரில் முழுமையாக மதிப்பிட வேண்டும் என்று பொருள். பத்தாவது கேள்வி, தன்னையே வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அந்த ஒரு கேள்விக்கு ஆம் என்றால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். கூடவே ரத்தச்சோகைக்கும் தைராய்டுக்கும் ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள். பிரசவத்துக்குப் பின் தைராய்டு சுரப்பி தடுமாறினால் அதுவும் இதே சோர்வையும் மனவாட்டத்தையும் காட்டும். ரத்தச் சோதனையில் தெரிந்துவிடக்கூடிய ஒன்றைப் பேசிப் பேசித் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இது படித்த நகரத்துப் பெண்களுக்கு மட்டும் வருகிற நோய் என்று நினைப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டின் ஊரகப் பகுதி ஒன்றில் 359 கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்கு முன்பும் பின்பும் சந்தித்து நடத்திய ஆய்வொன்று 2002-இல் வெளியாயிற்று. பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் நூற்றுக்குப் பதினொருவர் என்று அது கண்டது. அதற்கு வழிவகுத்த காரணங்களின் வரிசையைப் படித்தால், நம் வீட்டுக் கூடத்தை யாரோ எட்டிப்பார்த்து எழுதியது போல் இருக்கும்: குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்த வீட்டில் பெண் குழந்தை பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் ஒத்துப்போகாமை, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள், வீட்டில் ஒத்தாசைக்கு ஆள் இல்லாமை. உங்களுடையது நல்ல குடும்பம் என்று எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் நல்லவர்கள் இருப்பதும், இரவு இரண்டு மணிக்குக் குழந்தையை வாங்கிக்கொள்ள ஒரு கை இருப்பதும் ஒன்றா என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள்.

நம் வழக்கத்தில் பிள்ளை பெற்றவளைப் பச்சை உடம்புக்காரி என்கிறோம். அந்தச் சொல்லுக்குள் ஒரு முழு ஏற்பாடே அடங்கியிருக்கிறது. பத்தியச் சோறு, பிரசவ லேகியம், குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும் பாட்டி, காற்றுப் படாத அறை எல்லாம் அந்த உடம்புக்காக வந்தவை. தாய் வீட்டில் இருந்த மூன்று மாதமும் நீங்கள் அந்த ஏற்பாட்டுக்குள் மகளாக இருந்தீர்கள். ஒரு நல்ல நாள் பார்த்துக் கார் ஏறிய அன்றோடு அது முடிந்து, இறங்கிய வீட்டில் மருமகளாகவும் தாயாகவும் ஒரே சமயத்தில் நிற்க வேண்டியதாயிற்று. உங்கள் அழுகை அந்த வாரத்தில் தொடங்கியது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அடுத்த மாதம் வங்கிக்குத் திரும்பும்போது இன்னொரு மாற்றம் காத்திருக்கிறது. அரை ஆண்டுக்குள் இத்தனை மாற்றங்களைச் சந்திக்கும் எவருக்கும் தடுமாற்றம் வரும்.

அங்கே போய் என்ன பேசுவது என்று கேட்டீர்கள். இப்படிப்பட்ட நிலைக்கு நன்கு பயன்படுகிற ஒரு முறை, உறவுகளை மையமாகக் கொண்ட உளச்சிகிச்சை. வழக்கமாக 12 முதல் 16 அமர்வுகள், வாரம் ஒன்று, ஏறத்தாழ முக்கால் மணி நேரம். முதல் ஓரிரு அமர்வுகளில் உங்களைச் சுற்றியிருக்கும் மனிதர்களை ஒரு தாளில் வரைவோம்: யார் அருகில் இருக்கிறார், யாரிடம் எதைச் சொல்ல முடியும், பிரசவத்துக்குப் பின் எந்த உறவு தூரமாகிவிட்டது என்று. பிறகு, இழந்தது என்ன என்று கேட்போம். மாதச் சம்பளம் வாங்கிய கை, நினைத்த நேரத்தில் வெளியே போன கால், கணவரோடு பேசிக்கொண்டே சாப்பிட்ட இரவு உணவு என்று எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லலாம். குழந்தை வேண்டும் என்று விரும்பிப் பெற்றவள் இவற்றுக்காக ஏங்கலாமா என்ற குற்ற உணர்வினாலேயே பலர் அந்தத் துக்கத்தைப் பேசாமல் விழுங்கிவிடுகிறார்கள். விழுங்கியது குளியலறையில் வெளியே வருகிறது. அதன் பின்னர்தான் வேண்டியதைக் கேட்கும் பயிற்சி. "நீங்கள் எனக்கு உதவவே மாட்டேன் என்கிறீர்கள்" என்பதற்கும், "இரவு பத்து மணி முதல் மூன்று மணி வரை குழந்தை உங்கள் பொறுப்பு, நான் அடுத்த அறையில் தூங்கப் போகிறேன்" என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அமர்விலேயே சொல்லிப் பார்த்துவிட்டு, அதை வீட்டுக்கு எடுத்துப் போவீர்கள். ஓர் அமர்வுக்குக் கணவரும் வரலாம், வந்தால் நல்லது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே பேசலாம். நடுவே பால் கொடுக்க வேண்டியிருந்தால் கொடுக்கலாம். எங்களுக்கு அதில் எந்தச் சங்கடமும் இல்லை.

பாசத்தைப் பற்றி ஒன்று. குழந்தையின் முகத்தைப் பார்த்த கணத்தில் எல்லாத் தாய்க்கும் பாசம் மடை திறந்து வரும் என்பது பொய். பலருக்கு அது பழக்கத்தில், வாரங்களாக, சில வேளைகளில் மாதங்களாக ஊறுகிறது. மனச்சோர்வு அந்த ஊற்றை அடைத்தும் வைக்கும். கடமைக்குப் பால் கொடுக்கிறேன் என்கிறீர்கள். அழும்போது தூக்கி, பசித்தபோது கொடுத்து, நனைந்தபோது மாற்றுகிற அந்தக் கடமையைத்தான் உங்கள் மகள் இப்போதைக்கு அன்பாகப் பெற்றுக்கொண்டிருக்கிறாள். குழந்தை மருத்துவராக இருந்து உளப்பகுப்பாய்வுக்கு வந்த டொனால்ட் வின்னிகாட் என்ற ஆங்கிலேயர், குழந்தைக்கு வேண்டியது குறையில்லாத தாய் இல்லை, போதுமான அளவுக்கு நல்ல தாய்தான் என்று 1950-களிலேயே எழுதினார். அந்தச் சொல்லை என் அறைக்கு வரும் தாய்மாரிடம் நான் அடிக்கடி சொல்வதுண்டு. சிலர் சிரிக்கிறார்கள், சிலர் அழுதுவிடுகிறார்கள்.

பேசினால் மாறுமா என்றால், மிதமான நிலையில் பேச்சுச் சிகிச்சை மட்டுமே பலருக்குப் போதுமானதாக இருக்கிறது. நான்கைந்து அமர்வுகளுக்குப் பின்னும் உறக்கமும் பசியும் தேறவில்லை என்றால் மனநல மருத்துவரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வேலைக்குத் திரும்பும் தேதிக்கு முன் முதல் இரண்டு அமர்வுகளையாவது முடித்துவிடுங்கள்.

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 58. என் மகளுக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகிறது, எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். எதற்கெடுத்தாலும் கண் கலங்குகிறாள், சாப்பிட மாட்டேன் என்கிறாள். மாப்பிள்ளை போனிலேயே யாரோ கவுன்சலரிடம் பேச ஏற்பாடு செய்திருக்கிறார். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுகிறாள். நான் மூன்று பெற்றேன், எனக்கு இப்படி ஒன்றும் வரவில்லை. என்னிடம் சொல்ல முடியாததை முகம் தெரியாதவரிடம் என்ன சொல்கிறாள்? மாத்திரை வேறு கொடுப்பார்கள் என்கிறார்கள், பாலில் இறங்கிக் குழந்தையைப் பாதிக்காதா?
— ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: வணக்கம் அம்மா. முதலில் ஒரு திருத்தம்: நான் டாக்டர் இல்லை, உளவியலாளர். மாத்திரை எழுதித் தரும் உரிமை எனக்குக் கிடையாது. உங்கள் மகள் பேசுகிற கவுன்சலருக்கும் கிடையாது. மனநல மருத்துவரைப் போல மருத்துவம் படித்துப் பதிவு பெற்றவர் மட்டுமே அதைச் செய்ய முடியும். ஆகவே பேசப் போனாலே மாத்திரையில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்ற பயம் வேண்டாம். மாத்திரை தேவைப்பட்டாலும், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் தாய்ப்பாலில் மிகச் சிறிய அளவே இறங்குவதால், பாலூட்டும் தாய்மாருக்கு மருத்துவர்கள் அவற்றை நீண்ட காலமாகத் தந்துவருகிறார்கள். பால் கொடுப்பதை மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது. அவ்வளவுதான்.

உங்களிடம் சொல்ல முடியாததை அங்கே சொல்கிறாள் என்பது உங்களைக் குத்தியிருக்கிறது என்று புரிகிறது. மூன்று பெற்று வளர்த்தவரின் மனம் அப்படிப் புண்படத்தான் செய்யும். ஆனால் உங்களிடம் சொன்னால் நீங்கள் வருந்துவீர்கள், மாப்பிள்ளையிடம் பேசப் போவீர்கள், உடனே ஏதாவது செய்யப் பார்ப்பீர்கள் என்பது அவளுக்குத் தெரியும். வருந்தாத, யார் பக்கமும் சேராத, வெளியே சொல்லாத ஒருவரிடம் பேசுவதில் ஒரு நிம்மதி உண்டு. உங்கள் மீதான அன்பில் அதனால் எதுவும் குறைந்துவிடவில்லை. உங்களுக்கு வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். அந்தக் காலத்தில் கூடத்தில் அத்தையும் சித்தியும் அண்டை வீட்டுப் பாட்டியும் இருந்தார்கள். உங்கள் மகளுக்கு நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள், கையில் ஒரு போன் இருக்கிறது. அந்தக் காலத்திலும் மூலையில் உட்கார்ந்து அழுதவர்கள் இருந்தார்கள். காத்துக் கருப்பு என்றோ, கண்ணேறு என்றோ வேறு பெயர் வைத்து மந்திரித்தோம்.

உங்களைப் போன்றவர்கள் இதில் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு ஒரு நல்ல சான்று இருக்கிறது. பாகிஸ்தானில் ராவல்பிண்டி மாவட்டத்துக் கிராமங்களில், உளவியல் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர்ச் சுகாதாரப் பெண் பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்து, மனச்சோர்வுற்ற கர்ப்பிணிகளின் வீட்டுக்கே அனுப்பினார்கள். பிரசவத்துக்கு முன் ஒரு மாதம் தொடங்கிக் குழந்தை வளரும் மாதங்கள் வரை மொத்தம் 16 சந்திப்புகள். வீட்டாரையும் உட்காரவைத்துப் பேசினார்கள். குழந்தைக்கு ஆறு மாதமானபோது, அந்தச் சந்திப்புகள் கிடைத்த தாய்மாரில் 23 சதவீதத்தினரிடமே மனச்சோர்வு எஞ்சியிருந்தது. வழக்கமான வீட்டு வருகை மட்டும் கிடைத்தவர்களிடம் அது 53 சதவீதம். 2008-இல் இந்த முடிவு வெளியான பின், உலக சுகாதார நிறுவனம் அதையே ஒரு கையேடாக்கியது.

நீங்கள் செய்யக்கூடியது எளிது. கதவு சாத்தியிருக்கும் அந்த ஒரு மணி நேரம் பேரக்குழந்தையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வந்ததும் என்ன பேசினாய் என்று கேட்காமல் ஒரு தம்ளர் பால் கொடுங்கள். பத்தியச் சாப்பாடு அவளுக்கு அலுத்துப் போயிருந்தால், பிடித்த குழம்பை ஒரு நாள் வையுங்கள். தலையில் எதுவும் இடிந்து விழுந்துவிடாது. அவள் சாப்பாட்டை முற்றிலும் மறுத்தாலோ, நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்கிற மாதிரி ஏதாவது சொன்னாலோ, அதை மட்டும் உங்களோடு வைத்துக்கொள்ளாமல் மாப்பிள்ளையிடமும் கவுன்சலரிடமும் உடனே தெரிவியுங்கள்.

கேள்வி: எழுதவே கை நடுங்குகிறது. குழந்தையைக் குளிப்பாட்டும்போது தண்ணீரில் விட்டுவிடுவேனோ என்று ஒரு எண்ணம் வருகிறது. காய் நறுக்கும்போது கத்தியைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. நான் கெட்டவளா? என் குழந்தைக்கு என்னாலேயே ஆபத்தா? குளிப்பாட்டுவதையே விட்டுவிட்டு மாமியாரிடம் கொடுத்துவிடுகிறேன்.
— வாசகி, மதுரை மாவட்டம்

பதில்: நீங்கள் இதை எழுதி அனுப்பியது நல்ல காரியம். புதுத் தாய்மாரிடம் நடத்திய ஆய்வில், குழந்தைக்கு ஏதேனும் விபத்து நேர்ந்துவிடுமோ என்ற வேண்டாத எண்ணம் எல்லோருக்குமே வந்திருந்தது. தானே தீங்கு செய்துவிடுவேனோ என்ற எண்ணமும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வந்திருந்தது. வெளியே சொன்னால் குழந்தையைப் பிரித்துவிடுவார்கள் என்று பயந்து பெரும்பாலோர் மறைத்துவிடுகிறார்கள். அந்த எண்ணம் உங்களை நடுங்கவைக்கிறது, அதை வெறுக்கிறீர்கள், அதற்கு அஞ்சிக் குளிப்பாட்டுவதையே விட்டுவிட்டீர்கள். இவை எல்லாம், வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து அலைக்கழிக்கும் எண்ணச் சுழற்சி நோயின் (ஓசிடி) சாயலைக் காட்டுகின்றன, குழந்தையைத் துன்புறுத்தும் விருப்பத்தைக் காட்டவில்லை. விலகிப் போகப் போக அந்த எண்ணம் பலம் பெறும் என்பதால், பயிற்சி பெற்ற உளவியலாளரின் துணையோடு படிப்படியாக அந்த வேலைகளுக்குத் திரும்புவதுதான் சிகிச்சை. முதலில் மாமியார் அருகில் நிற்க நீங்கள் தண்ணீர் ஊற்றுவது, அடுத்து நீங்களே குளிப்பாட்டுவது என்று போகும்.

இதற்கு முற்றிலும் வேறான ஒரு நிலை இருப்பதையும் வீட்டார் அறிந்திருக்க வேண்டும். ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில், பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள், தாய்க்குத் தூக்கமே தேவைப்படாதது போல் ஆகி, பேச்சு தொடர்பில்லாமல் போகும். காதில் குரல் கேட்கும். குழந்தையிடம் ஏதோ தெய்வ சக்தியோ கெட்ட சக்தியோ இருக்கிறது என்ற உறுதியான நம்பிக்கை வரும். அந்த எண்ணங்கள் அவருக்கு அச்சம் தருவதில்லை, உண்மை என்றே தோன்றும். அது பேறுகால மனப்பிறழ்வு. மறுநாள் வரை பொறுத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், தாயையும் குழந்தையையும் அதுவரை தனியே விடக் கூடாது. விரைந்து மருத்துவம் செய்தால் நன்கு குணமாகிற நோய் அது.

கேள்வி: சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் பணி. வயது 34. மகன் பிறந்து ஐந்து மாதம். மனைவி நன்றாகவே இருக்கிறாள், மாறியது நான்தான். அலுவலகம் முடிந்தும் வண்டி நிறுத்துமிடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன். சின்ன விஷயத்துக்கும் கத்திவிடுகிறேன். கடன் தவணையும் செலவும் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. பெற்றவள் அவள், எனக்கு எதற்குக் கவுன்சலிங் என்று வெட்கமாக இருக்கிறது.
— வாசகர், சென்னை

பதில்: பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வெளியான ஒரு கட்டுரை, புதுத் தந்தையரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு இருப்பதாகவும், குழந்தையின் மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை அது உச்சத்தில் இருப்பதாகவும் சொல்கிறது. உங்கள் மகனுக்கு ஐந்து மாதம். ஆண்களிடம் அது அழுகையாக வருவதைவிட எரிச்சலாக, அலுவலகத்திலேயே நேரம் கழிப்பதாக, சிலரிடம் குடியாக வருவதால், வீட்டில் யாரும் அதை மனச்சோர்வு என்று அடையாளம் காண்பதில்லை. பொறுப்பில்லாதவன் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள்.

தந்தையாவதற்கு நம் ஊரில் ஒத்திகை கிடையாது. பெண்ணுக்கு வளையல் அடுக்கி, ஊரைக் கூட்டி, வாயில் இனிப்பு ஊட்டி அனுப்புகிறோம். அந்த நாளில் கணவன் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருப்பான். அரசுத் துறைகளில் மத்திய அரசின் ஆண் ஊழியர்களுக்குப் 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் நிறுவனங்களுக்கு அப்படிக் கட்டாயம் விதிக்கும் சட்டமே இல்லை. போதாக்குறைக்கு, முதல் மூன்று மாதம் குழந்தை மாமனார் வீட்டில் இருக்க, நீங்கள் சனி ஞாயிறு மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தால், குழந்தையைக் கையில் வாங்கவே கை பழகியிருக்காது. பழகாத வேலையில் கூச்சம் வரும், கூச்சத்தில் விலகல் வரும், விலகியவன் மீது மனைவிக்கு வருத்தம் வரும். வண்டி நிறுத்துமிடத்து அரை மணி நேரத்தின் பின்னால் இப்படி ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆலோசகரிடம் போனால் உங்கள் அப்பாவைப் பற்றிக் கட்டாயம் பேச்சு வரும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். பலரும் முதல் அமர்விலேயே அவரிடம்தான் போய் நிற்கிறார்கள். அவரைப் போல் ஆகிவிடுவேனோ என்று சிலர், அவர் அளவுக்குச் சம்பாதித்துப் போட முடியுமோ என்று சிலர். கடன் தவணையைப் பேசித் தீர்க்க முடியாது, ஆனால் இரவு இரண்டு மணிக்கு அதைத் தலைக்குள் ஓட்டிக்கொண்டிருப்பதற்கும், ஞாயிற்றுக்கிழமை காலை அரை மணி நேரம் மனைவியோடு உட்கார்ந்து கணக்கு நோட்டில் எழுதிப் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. அந்த மாற்றத்தைச் சிகிச்சை செய்துதரும். இதற்கிடையில், மகனின் ஒரு வேலையை முழுக்க உங்களுடையதாக எடுத்துக்கொள்ளுங்கள். மாலைக் குளியலோ, தொட்டிலில் போட்டுத் தூங்கவைப்பதோ, எதுவானாலும் சரி. மனைவி மேற்பார்வை பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. கத்துவது கை ஓங்கும் அளவுக்குப் போகிறது என்றால் இத்தனை நிதானமாக யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம், இந்த வாரமே நேரம் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: திருமணமாகிப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் ஒன்பது மாதக் குழந்தையைச் சட்டப்படி தத்தெடுத்தோம். ஊரே வாழ்த்தியது. வந்து மூன்று மாதம். எனக்கோ வெறுமையாக இருக்கிறது. பிரசவமும் இல்லை, ஹார்மோனும் இல்லை, எனக்கு ஏன் இப்படி?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பிரசவம் இல்லாவிட்டாலும் உறக்கம் கெட்டது, வீடு மாறியது, பதினான்கு ஆண்டு இருந்த வாழ்க்கை ஒரே நாளில் முடிந்தது. இவை போதும். இத்தனை நாள் காத்திருந்து கிடைத்ததைப் பற்றிக் குறை சொல்லலாமா என்ற தயக்கம் வேறு, உங்கள் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறது. செயற்கைக் கருத்தரிப்பில் குழந்தை பெற்றவர்களிடமும் இதே தயக்கத்தைப் பார்க்கிறேன். சிகிச்சைக்குப் போனால், பிறக்காமல் போன அந்தக் குழந்தைக்கான துக்கம் இன்னும் பாக்கியிருக்கிறதா என்பதையும் பேசிப் பாருங்கள். அதைத் தனியே வைத்து அழுது முடித்தவர்களுக்கு, வீட்டுக்கு வந்த குழந்தையோடு ஒட்டுவது எளிதாகிறது. குழந்தைக்கும் புது முகம், புது மணம், புதுத் தொட்டில். அவளும் பழகிக்கொண்டிருக்கிறாள்.

கேள்வி: மனநல மருத்துவமனையில் பெயர் பதிந்தால் பின்னால் பிரச்சினை வருமா? சேர்த்துக்கொண்டால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களா? பணம் அதிகம் செலவாகுமா? யாரிடம் போவது?
— பல வாசகர்கள் கேட்டது

பதில்: 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. மனநல நிலையத்தில் சிகிச்சை பெறும் பெண்ணிடமிருந்து அவருடைய மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது. குழந்தைக்கு ஆபத்து என்று மனநல மருத்துவர் கருதினால் தற்காலிகமாகப் பிரிக்கலாம்; அப்போதும் மேற்பார்வையில் தாய் குழந்தையைப் பார்க்க வழி செய்ய வேண்டும், அந்த முடிவை 15 நாளுக்கு ஒரு முறை மறுபரிசீலனை செய்ய வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் தாயும் குழந்தையும் சேர்ந்தே தங்கிச் சிகிச்சை பெறும் தனிப் பிரிவு 2009 முதல் இயங்குகிறது. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருப்பதும், முன்பு சிகிச்சை பெற்றார் என்பதை மட்டுமே வைத்து ஒருவருக்கு இப்போது மனநோய் உண்டு என்று தீர்மானிக்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் உள்ளவை. பெரும்பாலோருக்கு மருத்துவமனையில் சேர வேண்டிய தேவையே வராது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

செலவுக்கு அஞ்சுபவர்கள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் புறநோயாளர் பிரிவுக்கோ, மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் இயங்கும் அரசு மருத்துவமனைப் பிரிவுக்கோ போகலாம், கட்டணம் இல்லை. முதலில் யாரிடமாவது பேசினால் போதும் என்பவர்களுக்கு 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண், இரவும் பகலும், தமிழிலேயே. தற்கொலை எண்ணம் இருந்தால் அதே எண்ணிலோ, சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா அமைப்பின் 044-24640050 எண்ணிலோ பேசலாம். தனியாரிடம் போவதென்றால், மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை, நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தாய்மாரோடு வேலை செய்த அனுபவம் உண்டா என்பதையும், குழந்தையோடு வரலாமா என்பதையும் போனிலேயே கேட்டுவிடுங்கள். முதல் அமர்வில் ஒருவரோடு மனம் ஒட்டவில்லை என்றால் இன்னொருவரைத் தேடலாம். அதற்காக அவரிடம் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.